மூணு துப்பாக்கி வண்டி

லோரியிலிருந்து இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினின் முன்பக்கம், கிராங்க் கேஸின் கீழ்ப்பகுதியில், ஐம்பது காசு வில்லை அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டான கோன்ராட்டின் முறிந்த முனை தெரிந்தது. இப்படி உடைகிற வண்டி எண்ணெயில் குளித்துக்கொண்டுதான் பட்டறைக்கு வரும். பின்சக்கரம், செயின், ஓட்டியவனின் கால்சட்டை எல்லாம் கறுப்பாக இருக்கும். இது காய்ந்துபோய் வந்திருந்தது.

குனிந்து சீட்டுக்குக் கீழே பார்த்தேன். எண்ணெய் டாங்கி நிறைந்திருந்தது. டாங்கியிலிருந்து எஞ்சினுக்கு இறங்கும் குழாயில் ஒரு சின்னப் பித்தளை டேப்பு. அதன் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த டேப்பை வைத்தவன் நான்.

லோரிக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணியாரின் பேரன் எனக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். என் கை போய் அந்தக் கைப்பிடியை நேராகத் திருப்பிவிட்டது. யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

"தேறுமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"பிரிச்சுப் பாக்கலாம்பா."

மறுநாள் விடிகாலையில் பட்டறையைத் திறந்தால், வண்டிக்கு அடியில் ஒரு குளம். நான் திறந்துவிட்ட டேப்பு வழியாக ராத்திரி முழுக்க எண்ணெய் இறங்கி, ஓட்டை வழியாகத் தரையில் பரவியிருந்தது. வேலைக்காரப் பையன்கள் வருவதற்குள் மரத்தூளைப் போட்டு அள்ளிவிட்டேன். திருடன் வீட்டுக் கொல்லையில் தடத்தை அழிப்பதுபோல.

வண்டி 1952ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. பி31. ஒற்றை சிலிண்டர், 348 சிசி. பிஸ்டனின் விட்டம் 71 மில்லிமீட்டர், மேலும் கீழும் அது ஓடுகிற தூரம் 88. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி. அதனால் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாக நிறுத்திவைத்ததுதான் அவர்களுடைய முத்திரை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் படம் புரிந்ததால், எங்கள் தோட்டத்தில் அதற்கு 'மூணு துப்பாக்கி வண்டி' என்றே பெயர்.

எங்கள் தோட்டம் அசஹான் பக்கம், குனோங் லேடாங் மலை கண்ணுக்கு நேரே தெரியும் இடத்தில். மலாயாவின் ரப்பர் தோட்டக் கதையின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்துக்கு ஓர் இடம் உண்டு. 1896இல் மலாக்கா வியாபாரி டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களைச் சீவ வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். என் அப்பா பால் காட்டுக்குப் போனவரல்ல. ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் டிரைவர். உருளைகளை ஓட்டும் ரஸ்டன் டீசல் எஞ்சின் அவர் பொறுப்பு. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். "கேளுடா, சோறு கொதிக்கிற சத்தம் வந்தா நல்லாருக்கு. பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தா நிறுத்திடணும்" என்பார். நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். அரசாங்கச் சான்றிதழெல்லாம் பிற்பாடு வந்தது.

பெரிய கிராணியார் இந்த வண்டியை வாங்கிய காலம், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். 1948இல் அறிவித்து 1960 வரை இழுத்தது. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் தனியாகப் போவதற்குத் துரைமாரே யோசித்த நாட்கள். 1953 செப்டம்பர் 3ஆம் தேதி மலாக்காவின் ஒரு பகுதியை 'வெள்ளை வட்டாரம்' என்று அறிவித்து, ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். நாட்டிலேயே முதல் வெள்ளை வட்டாரம் அதுதான். அதற்குப் பிறகுதான் டவுன் பக்கம் பொழுது சாய்ந்த பின்னும் வண்டியை நிம்மதியாக ஓட்டியதாகக் கிராணியார் சொல்வார். 1956 பிப்ரவரி 20ஆம் தேதி, பண்டா ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாவின் சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் போயிருக்கிறார். கூட்டத்தில் ஒன்றும் காதில் விழவில்லையாம். "வண்டிய யாராச்சும் தள்ளிட்டுப் போயிருவாங்களோன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்பார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. மேக்னெட்டோ வண்டிக்குச் சாவியே கிடையாது. யார் உதைத்தாலும் கிளம்பும்.

சாவி இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

1950களின் கடைசியில் பினாங்கில் வியாபாரி லோ பூன் சியூ ஹோண்டாவைக் கொண்டுவந்தார். அதோடு பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் முடிந்தது. உதைத்த உடனே கிளம்புகிற, எண்ணெய் ஒழுகாத, பெண்களும் ஓட்டக்கூடிய சின்ன வண்டி. நாங்கள் 'கப்சாய்' என்று சொல்கிற இனத்தின் மூதாதை அதுதான். ஜாசின் டவுனில் என் பட்டறை முப்பது வருடம் சோறு தின்றது கப்சாயால்தான், பி.எஸ்.ஏ.யால் அல்ல. பழைய வண்டியைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த டேப்பு.

பி31இல் எண்ணெய் எஞ்சினுக்குள் தங்காது. அதற்குத் தனி டாங்கி. எஞ்சினின் அடியில் ஒரு பம்ப், அதற்குள் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள். ஒரு ஜோடி டாங்கி எண்ணெயை உள்ளே தள்ளும். சற்றுப் பெரிய மற்ற ஜோடி, வேலை முடிந்து கீழே சொட்டும் எண்ணெயை உறிஞ்சி டாங்கிக்குத் திருப்பி ஏற்றும். வண்டி நிற்கும்போது டாங்கி எண்ணெய் தானாகக் கீழே இறங்கிவிடாமலிருக்க, வழியில் ஸ்பிரிங் வைத்த ஓர் இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் அந்தக் குண்டு உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாகிவிடும். பிறகு ஒரு வாரம் நிறுத்தினால் டாங்கி எண்ணெயில் பாதி எஞ்சினுக்குள் இறங்கிவிடும். உதைத்தால் கொசு மருந்து அடிக்கிறவன் வந்ததுபோல் புகை. மீதி எண்ணெய் வீட்டு முன்பக்க அஞ்சடியில் கோலம் போடும்.

கிராணியார் ஓய்வு பெற்று ஜாசினில் வீடு கட்டி வந்திருந்தார். அந்த வீட்டு அஞ்சடிதான் பிரச்சினை. "தம்பி, கிழவி ஏசுறா. ஏதாச்சும் பண்ணு" என்றார். சரியான வழி, மூடியைக் கழற்றி, குண்டு உட்காரும் இடத்தைச் சீராக்கி, பம்பையும் தேய்த்துச் சமன் செய்வது. ஒரு நாள் வேலை. தீபாவளிக்கு முந்தின வாரம் அது. பட்டறை வாசலில் பதினைந்து கப்சாய் நின்றது. நான் என்ன செய்தேன்? பெட்ரோல் டேப்பு ஒன்றை எண்ணெய்க் குழாயில் செருகி, "நிறுத்துனா மூடிடுங்கய்யா, கெளம்புறப்போ தொறந்துடுங்க" என்று சொல்லி இருபது வெள்ளி வாங்கிக்கொண்டேன்.

இந்த டேப்பு வைத்தியம் உலகம் முழுக்க உண்டு. இந்த வைத்தியத்தால் செத்த எஞ்சின்களும் உலகம் முழுக்க உண்டு. விவரம் தெரிந்தவர்கள் டேப்போடு ஒரு சுவிட்ச் சேர்ப்பார்கள். டேப்பு மூடியிருந்தால் மேக்னெட்டோவில் பொறி வராது, வண்டி கிளம்பாது. அந்தச் சுவிட்சை நான் வைக்கவில்லை. கிராணியாருக்கு அது தேவைப்படவுமில்லை. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் முப்பது வருடம் ஆள் தலையை எண்ணிப் பேர் எழுதிய மனிதர். எதையும் வரிசை மாறாமல் செய்வார். எண்ணெய், பெட்ரோல், லீவர், உதை. பத்து வருடத்துக்கு மேல் ஒருநாள்கூட மறக்கவில்லை.

அந்த வரிசையை நினைவில் வைக்க ஆளில்லாமல் அவர் போய்ச் சேர்ந்தார். வண்டி ஒரு வருடம் சாக்கு போர்த்திக் கிடந்தது. மாசி மகத்தன்று பேரனுக்கு ஆசை வந்துவிட்டது. தாத்தா வருடா வருடம் செங்கில் உள்ள சன்னாசிமலைக்கு இந்த வண்டியில்தான் போவார். மலாக்கா டவுனில் தங்காசாரித் தெரு பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சாமி புறப்பட்டுச் சன்னாசிமலைக்குப் போகும் நாள் அது. சாவி கேட்காத வண்டி, பேரன் பெட்ரோலை மட்டும் திறந்து உதைத்திருக்கிறான். எஞ்சினுக்குள் பழைய எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருந்ததால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டது. பெம்பான் தாண்டியதும் உடைந்தது.

"திடீர்னு உடைஞ்சிருச்சு மாமா. ஒரே சத்தம்."

பிரிப்பதற்குப் பால் மங்குகளை எடுத்து வைத்தேன். தோட்டத்தில் செம்பனை வந்து ரப்பர் மரங்களை வெட்டியபோது, அப்பா ஒரு சாக்கு நிறையப் பால் மங்கு கொண்டுவந்திருந்தார். மரத்தில் கட்டிப் பால் பிடித்த அதே மங்குகள்தான். ஒரு மங்கில் ஒரு பாகத்தின் போல்ட்டுகள். வரிசையாக அடுக்கினால் வண்டி எந்த வரிசையில் பிரிந்ததோ அதே வரிசையில் திரும்பப் பூட்டலாம். பிளாஸ்டிக் டப்பாவைவிட இது மேல். பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் கரையாது.

சிலிண்டரைத் தூக்கியதும் பிஸ்டன் கதை சொல்லத் தொடங்கியது. ஓரமெல்லாம் அலுமினியம் இழுபட்டு, பிஸ்டன் வளையங்கள் மேல் பூசிக்கொண்டு கிடந்தது. ஆனால் கூர்ந்து பார்த்தால் இழுபட்ட தடம் ஒன்றல்ல, இரண்டு. முதலில் ஒருமுறை கவ்வியிருக்கிறது, ஆறியிருக்கிறது, பிறகு மறுபடியும் ஓடி, முதல் தடத்தின்மேல் இரண்டாவது தடம் ஏறியிருக்கிறது. கோன்ராட், கிராங்க் பக்கத்துப் பெரிய கண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு அவ்வளவு சூடு கண்டிருக்கிறது. ரோலர்கள் உருண்டை மறந்து தட்டையாகியிருந்தன.

ஆக, பேரனும் எதையோ மறைக்கிறான்.

பம்பைக் கடைசியாகத்தான் கழற்றினேன். கழற்றப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. உள்ளே பல்சக்கரங்கள் சுத்தமாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. பம்ப் நன்றாக இருந்தும் எண்ணெய் போகவில்லை என்றால் வழி அடைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பேரன் வேலை முடிந்து பத்து பெரெண்டாமிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். இரண்டு தே தாரிக் வாங்கிவரச் சொல்லி உட்காரவைத்தேன். டேப்பைக் கையில் கொடுத்தேன்.

"இது நான் வச்சது. மூடியே கெடந்துச்சு. நீ பாக்காதப்போ நான்தான் தொறந்துவிட்டேன்."

டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பெம்பான்லயே ஒருதடவ ஜேம் ஆச்சு மாமா. அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி உதைச்சேன். கெளம்புச்சு. சாமி மலையேறுறதுக்குள்ள போயிரலாம்னு…" என்றான். முதல் கவ்வலோடு நிறுத்தியிருந்தால் ஒரு பிஸ்டனோடு போயிருக்கும். இரண்டாவது உதைதான் கோன்ராட்டை முறித்தது. அதை அவனிடம் அன்று சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது. கூலி வாங்கமாட்டேன், சாமான் செலவு மட்டும் உன்னுடையது என்றேன். அவன் தலையாட்டினான்.

அடுத்த கேள்வி கிராங்க் கேஸ். வெளிநாட்டிலிருந்து வேறு கேஸ் வாங்கலாம், கிடைக்கும். நான் வேண்டாம் என்றேன். எஞ்சின் நம்பர் இடப்பக்கக் கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே அடித்திருக்கிறது. அந்த நம்பர்தான் வண்டியின் கிராண் என்கிற பதிவுப் பத்திரத்தில் இருக்கிறது. கேஸ் மாறினால் நம்பர் மாறும். பிறகு புஸ்பாகோம் வாகனச் சோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் கவுண்டர், பழைய வண்டிக்கு நூறு கேள்வி. பாதிக் கேஸை மட்டும் மாற்றவும் முடியாது. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டித்தான் தொழிற்சாலையில் பேரிங் வீட்டைக் கடைந்திருப்பார்கள். வேறு எஞ்சினின் பாதி நேர்கோட்டில் சேராது. இதெல்லாம் காரணம்தான். கிராணியார் வாங்கிய வண்டியின் நம்பர் கிராணியாரின் வண்டியிலேயே இருக்கட்டும் என்பதும் ஒரு காரணம். அதை ஜேபிஜேயிடம் சொல்ல முடியாது.

ஓட்டையை அடைக்க முதலில் கொடுத்த இடத்தில் ஏமாந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். அரை மணி நேரத்தில் பளபளவென்று ஒட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து ஒரு கோப்பி குடிப்பதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டின் ஓரமாக மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. தவறு எனக்குப் புரிந்தது. பழைய வார்ப்பு அலுமினியம் பஞ்சுபோல நுண்ணிய துளைகள் உள்ளது. அறுபது வருடம் குடித்த எண்ணெய் உள்ளே இருக்கிறது. எண்ணெய்மேல் ஒட்டு நிற்காது. அதோடு குளிர்ந்த கேஸில் ஓரிடத்தை மட்டும் சுடவைத்தால், அந்த இடம் ஆறும்போது சுருங்கி, பக்கத்தை இழுத்துக் கிழிக்கும்.

இரண்டாவதாகப் போனது, மீன்பிடிப் படகுச் சாமான்கள் ஒட்டுகிற ஒரு சீனக் கிழவரிடம். கேஸைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். "சாபார்," என்றார். பொறு என்று அர்த்தம். பொறுக்க வைத்தது மூன்று வாரம். சவுக்காரத் தூள் தண்ணீரில் வேகவைத்தார். காஸ்டிக் சோடா போடலாமே என்று என் பட்டறைப் பையன் கேட்டான். போட்டால் அழுக்கோடு கேஸும் கரைந்துவிடும், அலுமினியத்துக்கு அது விஷம். பிறகு அடுப்பில் சூடுகாட்டினார். எண்ணெய் வியர்வைபோல வெளியே வந்தது. துடைத்தார். மறுபடி சூடு, மறுபடி துடைப்பு. எண்ணெய் வருவது நிற்கும்வரை இப்படியே.

அலுமினியத்தில் உள்ள ஆபத்து, அது சூட்டைக் காட்டிக்கொடுக்காது. இரும்பு சிவக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிக் கீழே விழும்வரை வெள்ளையாகவே இருக்கும். அதற்குக் கிழவரிடம் ஒரு வித்தை இருந்தது. சவுக்காரக் கட்டியால் கேஸ்மேல் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு பழுப்பாகிக் கறுக்கத் தொடங்கியதும் சூடு போதும் என்று நிறுத்தினார். இன்று சூடு காட்டும் கருவி நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. அவர் அதை வாங்கவில்லை. ஒட்டுத் துண்டை ஒரு பழைய லோரி எஞ்சினின் வார்ப்பு மூடியிலிருந்து வெட்டினார். வார்ப்புக்கு வார்ப்புதான் சேரும். இரண்டு பாதிகளையும் பூட்டி, பேரிங் வீடுகளுக்கு நடுவே நான் கடைந்து கொடுத்த இரும்புத் தண்டைச் செருகி வைத்துக்கொண்டு, கோணாமல் ஆர்கானில் ஒட்டினார். முடித்ததும் சாம்பல் நிரப்பிய தகரப் பெட்டியில் புதைத்து, நாளைக்கு வா என்றார்.

அவ்வளவு செய்தும் ஒரு பக்க பேரிங் வீடு நான்கு தௌ விலகியிருந்தது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ. வெள்ளைக்காரன் போனாலும் அந்தக் கணக்கு எங்கள் கடைசல் மேசையை விட்டுப் போகவில்லை. அந்த வீட்டைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, இரும்பு வளையம் இறக்கி, வளையத்தை மறுபடி கடைந்தேன். பேரிங் இறக்குவதற்குக் கேஸைச் சுடவைக்க வேண்டும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், சூடான வீட்டில் பேரிங் தானாக விழுந்து உட்காரும், ஆறியதும் கவ்விக்கொள்ளும். சுடவைத்தது என் மனைவியின் கேக் அடுப்பில். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கேக் இல்லை. முறுக்கு மட்டும்தான்.

சிலிண்டர் ஏற்கெனவே 40 தௌ வரைக்கும் போர் அடித்திருந்தது. இனிச் சுவரில் இடமில்லை. இரும்பு ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். கோன்ராட், கிராங்க் பின், ரோலர் மூன்றும் ஒரே செட்டாக இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தன. பிஸ்டனுக்கு மட்டும் ஒரு கதை உண்டு. மனைவி வழியில் ஒரு கல்யாணத்துக்குத் தமிழ்நாடு போயிருந்தோம். கல்யாண வீட்டில் சொல்லாமல் ஒரு பகல் முழுக்கச் சென்னைப் புதுப்பேட்டையில் சுற்றினேன். பழைய வண்டிச் சாமான் குவிந்து கிடக்கும் சந்துகள். அங்கே எல்லாரும் புல்லட் சாமான்தான் காட்டினார்கள். 1950களிலிருந்து திருவொற்றியூரில் புல்லட் செய்த ஊராயிற்றே. புல்லட் 350இன் பிஸ்டன் 70 மில்லிமீட்டர். எனக்கு வேண்டியது 71. ஒரு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் கேட்டார். "அண்ணே, மாட்டிப் பாருங்க, சத்தம் வந்தா பழகிடும்" என்றார். சிரித்துக்கொண்டே நகர்ந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு முதியவர் உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெட்டியோடு வந்தார். 71. வளையங்களோடு.

ஊருக்கு வந்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய பிஸ்டனைவிடப் புதியது கனமாக இருந்தால், ஃபிளைவீலில் உள்ள எடைக்கணக்கு மாறி, ஒற்றை சிலிண்டர் வண்டி கையை மரத்துப்போகச் செய்யும். என்னிடமிருந்தது மீன் நிறுக்கும் தராசு. ஜாலான் பெண்டஹாராவில் தெரிந்த நகைக்கடைக்குப் பிஸ்டனை எடுத்துப் போனேன். கடைக்காரர் வெள்ளித் தட்டைத் துடைத்து, தாலிக்கொடி நிறுக்கிற தராசில் பிஸ்டனை வைத்தார். புதியது 18 கிராம் கூடுதல். உள்பக்கம் கனமான இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, இரண்டு நடை நடந்து, பழைய எடைக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது முறை போனபோது, "செய்கூலி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார்.

எல்லாவற்றிலும் கடினம் கிராங்க். இரண்டு ஃபிளைவீலுக்கு நடுவே கிராங்க் பின், இரு பக்கமும் நட். நட்டை இறுக்க ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, இரண்டு பேர் தொங்கினோம். இறுக்கியபின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் சுற்றாது. கடைசல் மேசையின் இரு முனைகளுக்கு நடுவே வைத்து, முள் கருவி பார்த்து, எங்கே விலகியிருக்கிறதோ அங்கே செம்புச் சுத்தியலால் ஓர் அடி. மறுபடி சுற்று, மறுபடி பார். இரண்டு தௌவுக்குள் வர வேண்டும். முதல் நாள் சாயங்காலம் பன்னிரண்டிலிருந்து ஐந்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டாம் நாள் ஐந்திலிருந்து ஒன்பதுக்குப் போனது. கோபத்தில் அடித்தால் அப்படித்தான். மூன்றாம் நாள் பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை தௌ. அப்பா இருந்திருந்தால் "இன்னும் ஒரு அடி அடி" என்றிருப்பார். நான் அடிக்கவில்லை.

பம்பைக் கண்ணாடிமேல் நைசான பசை தடவி எட்டு எட்டாகத் தேய்த்துச் சமன் செய்தேன். குண்டு உட்காரும் இடத்தைச் சீவி, புதுக் குண்டு வைத்து, செம்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டி உட்காரவைத்தேன். அன்றைக்குச் செய்யாத அந்த ஒரு நாள் வேலை, நிதானமாகச் செய்தும் ஒரு நாளுக்குள் முடிந்துவிட்டது. டேப்பு இருந்த இடத்தில் முழுக்குழாய் போட்டேன்.

சாயம் அடிக்கவில்லை. சில பேர் பழைய வண்டி என்று கேட்டவுடனே எல்லாவற்றுக்கும் குரோம் ஏற்றி, கல்யாண மாப்பிள்ளைபோல ஆக்கிவிடுகிறார்கள். கிராணியார் ஒருமுறை தானே பிரஷ்ஷால் அடித்த பச்சைச் சாயம் டாங்கியில் இன்னும் இருக்கிறது. பிரஷ் மயிர் ஒன்று சாயத்துக்குள் சிக்கியபடியே இருக்கிறது.

கிளப்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை. வாயால் சொல்லாமல் எப்படியோ ஊருக்குத் தெரிந்து, முன்னாள் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். கிராணியாரின் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெயைக் கையாலேயே உள்ளே செலுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு இருபது முறை உதைத்து, பம்ப் எண்ணெய் திருப்புவதை முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு பிளக்கை மாட்டி, அமால் கார்புரேட்டரில் பெட்ரோல் வழியும்வரை அமுக்கி, தீப்பொறி லீவரைப் பின்னுக்குத் தள்ளினேன். தள்ள மறந்தால் உதைக்கட்டை திருப்பி உதைத்துக் கணுக்காலை உடைக்கும். பேரனைக் கூப்பிட்டேன். "நீ உதை."

மூன்றாவது உதையில் கிளம்பியது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. கப்சாய் மெஷின்போல ஓடும். இது ஒவ்வொரு அடியாக எண்ணி எண்ணி வைக்கும். நான் டாங்கி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். திரும்பி வரும் எண்ணெய் விட்டு விட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தேன். சோறு கொதித்தது. கிராணியாரின் மனைவி, "அவரு கெளப்புனா புகை கம்மியா இருக்கும்" என்றார். அது பாராட்டா குறையா என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் ஐந்நூறு மைலுக்கு நாற்பதுக்கு மேல் போகாதே என்று பேரனிடம் சொல்லியிருந்தேன். போகவில்லை. அடுத்த மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்கு ஓட்டிப் போய் வந்தான். பெம்பானில் நிறுத்தி எண்ணெய் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

உங்கள் வீட்டு அஞ்சடியிலும் தாத்தா வண்டி ஒன்று சாக்கு போர்த்திக் கிடக்கலாம். உதைப்பதற்கு முன் குனிந்து எண்ணெய்க் குழாயைக் கையால் தடவிப் பாருங்கள். டேப்பு இருந்தால் வைத்தவனைத் திட்டிவிட்டு, கழற்றி முழுக்குழாய் போடுங்கள். பிறகு உதையுங்கள், ஒரு நிமிடத்துக்குள் டாங்கியில் எண்ணெய் திரும்பி விழவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

கிராணியாரின் வண்டி இப்போதும் ஒழுகுகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி இருக்கும். கீழே ஒரு பால் மங்கு வைத்திருக்கிறார்கள்.